ஆசான் தோற்கும் களம்: ‘ஆடுகளம்’, ‘த கலர் ஒவ் மனி’ – ஓர் ஒப்புநோக்கு

போர்க்களத்திலே பெறும் வெற்றியோடு ஆடுகளத்திலே பெறும் வெற்றியையும் ஒருங்கு வைத்து இலக்கணம் வகுத்த மரபு தமிழ் மரபாகும். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையின் ஒழிபுப் பகுதியிலே மல்வென்றி, கோழிவென்றி, தகர்வென்றி, யானைவென்றி, குதிரைவென்றி, யாழ்வென்றி, சூதுவென்றி, ஆடல்வென்றி, பாடல்வென்றி எனத் துறைகள் பல நிரல்பட வைக்கப்பட்டுள்ளன. சேவலின் வெற்றியும் சூதாடுவோன் வெற்றியும் பாடுவோன் வெற்றியும் ஒரே வரிசையில் நிற்பது நம் கவனத்திற்குரியது. ஆயின் அவ்வரிசையிலே இடம்பெறாத வெற்றியொன்று உண்டு. தான் பழக்கிய மாணாக்கன் தன்னையே வெல்லுமிடத்து ஆசான் அடைவது வெற்றியா, தோல்வியா என்பதற்கு அங்கே துறையில்லை.

துறை வகுக்கப்படாத இவ்விடத்தையே இரு திரைப்படங்கள் தமக்குப் பொருளாகக் கொண்டுள்ளன. ஒன்று, 1986ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய ‘த கலர் ஒவ் மனி’. பூல் எனப்படும் மேசைப் பந்தாட்டத்தைப் பந்தயப் பொருளாக்கிப் பிழைப்போரைப் பற்றியது. மற்றையது, 2011ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டித் திரைக்கு வந்த வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’. மதுரைப் பகுதியின் சேவற்சண்டையைக் களமாகக் கொண்டது. இவ்விரண்டிற்கும் நேரடித் தொடர்பு உண்டென நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே வினாவுக்கு இரு சமூகங்கள் அளித்த விடைகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதையும், அவ்விடைகள் மாத்தளை மாவட்டம் போன்றதொரு மலையகச் சூழலிலிருந்து நோக்குவோர்க்கு எவ்வாறு பொருள்படுகின்றன என்பதையும் ஆராய்வதே நோக்கம்.

1. பணத்தின் நிறம்

‘த கலர் ஒவ் மனி’யை விளங்கிக்கொள்ள அதற்கு முந்திய படமொன்றை நினைவுகூர்தல் வேண்டும். வோல்டர் டெவிஸ் 1959இல் எழுதிய நாவலைத் தழுவி ரொபர்ட் ரொசன் 1961இல் ‘த ஹஸ்லர்’ என்னும் படத்தை இயக்கினார். அதிலே எடி ஃபெல்சன் என்னும் இளைஞனாகப் போல் நியூமன் நடித்தார். தன் திறமையை மறைத்து, அரைகுறை ஆட்டக்காரன் போல நடித்து, எதிராளி பந்தயத் தொகையை உயர்த்தியதும் உண்மை ஆட்டத்தைக் காட்டிப் பணத்தை அள்ளுவதே அவனது தொழில். பேர்ட் கோர்டன் என்னும் சூதாட்ட முதலாளி அவனுக்குப் பணம் போட முன்வருகிறான். அதற்கு அவன் கேட்கும் பங்கு வெற்றிப் பணத்தில் நூற்றுக்கு 75. கோல் பிடிப்பவனுக்குக் காற்பங்கு, முதல் போடுபவனுக்கு முக்காற்பங்கு என்னும் அக்கணக்கிலே அமெரிக்கப் பணவுலகின் சுருக்கமே அடங்கிவிடுகின்றது. இறுதியிலே எடி தன் பெரிய எதிராளியை வெல்கிறான். பங்கு கொடுக்க மறுக்கிறான். அதன் பயனாகப் பெரிய ஆட்டக்கூடங்களின் கதவுகள் அவனுக்கு அடைபடுகின்றன.

25 ஆண்டுகளின் பின் அதே நடிகர் அதே பாத்திரமாகத் திரும்பி வருவதே ‘த கலர் ஒவ் மனி’. டெவிஸின் 1984ஆம் ஆண்டு நாவலின் தலைப்பை இப்படம் ஏற்றிருப்பினும், ரிச்சர்ட் பிரைஸ் எழுதிய திரைக்கதை பெரும்பாலும் புதியது. எடி இப்போது மதுபான வியாபாரி. முன்னர் எவனை வெறுத்தானோ அவனது இடத்திலே இப்போது அவனே இருக்கிறான். பிறர் ஆட்டத்திற்குப் பணம் போடுகிறான். அப்பொழுது வின்சென்ட் என்னும் இளைஞனைக் காண்கிறான். டொம் குரூஸ் நடித்த இப்பாத்திரத்திடம் கை இருக்கின்றது; அடக்கமில்லை. அவனையும் அவன் காதலி கார்மனையும் அழைத்துக்கொண்டு எடி ஊர் ஊராகப் புறப்படுகிறான். பயணத்தின் இறுதி இலக்கு அட்லாண்டிக் சிட்டியிலே நிகழவிருக்கும் போட்டி.

எடி கற்பிக்கும் பாடம் யாது என்பதே இங்குச் சிந்தித்தற்குரியது. பந்தை அடிக்கும் வகையை அவன் கற்பிக்கவில்லை. அது வின்சென்டுக்கு முன்னரே கைவந்தது. தோற்கும் வகையையே அவன் கற்பிக்கிறான். சிறு பந்தயத்திலே தோற்றுப் பெரும் பந்தயத்திலே வெல்லல், தன் பெயர் பரவாமற் காத்தல், மகிழ்ச்சிக்காக ஆடாமை ஆகியவையே பாடங்கள். வின்சென்ட் தொடக்கத்தில் இப்பாடத்தை எதிர்க்கிறான். ஆடுவதிலுள்ள இன்பத்தை அவனால் மறைக்க முடிவதில்லை. அவ்வின்பத்தை அவனிடமிருந்து சிறிது சிறிதாகக் களைவதே எடியின் ஆசிரியத் தொழிலாகின்றது.

இரு படங்களிலும் ஆடப்படும் ஆட்டமும் ஒன்றன்று. முதற் படத்திலே ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி வீதம் நெடுநேரம் எண்ணி ஆடும் ஆட்டம். இரண்டாம் படத்திலே ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமிட்ட பந்துகளைக் கொண்டு ஆடும் ஆட்டம். அதிலே மேசையிலுள்ள மிகச் சிறிய இலக்கப் பந்தை முதலிலே தொட்டாற் போதும்; ஒன்பதாம் பந்து எவ்வகையிற் குழியில் வீழினும் ஆட்டம் முடிந்துவிடும். பொறுமை வெல்லும் ஆட்டத்திலிருந்து விரைவும் தற்செயலும் வெல்லும் ஆட்டத்திற்கு மாறியமை, அவ்விரு பத்தாண்டுகளிலே அமெரிக்கப் பணத்தின் ஓட்டம் மாறியமைக்கு ஏற்ற குறியீடாக அமைகின்றது.

பயணத்தின் நடுவே எடியே ஒரு நாள் ஏமாற்றப்படுகிறான். அப்பாவி போலத் தோன்றிய இளைஞனொருவன் அவனுக்கு அவனது பழைய வித்தையையே காட்டிப் பணத்தை வென்று செல்கிறான். அவமானமுற்ற எடி மாணாக்கனை விட்டுப் பிரிகிறான், கண்ணாடி அணிகிறான், மீண்டும் கோலைக் கையிலெடுத்துப் பயில்கிறான். அட்லாண்டிக் சிட்டிப் போட்டியிலே ஆசானும் மாணாக்கனும் எதிரெதிர் நிற்க நேர்கின்றது. ஆசான் வெல்கிறான். அம்மகிழ்ச்சி அன்றே அழிகின்றது. வின்சென்ட் அவனது அறைக்கு வந்து கடித உறையொன்றைக் கொடுக்கிறான். தான் வேண்டுமென்றே தோற்றதாகவும், எடி மீது பந்தயம் கட்டி ஈட்டிய பணத்தில் அவனுக்குரிய பங்கு அதுவென்றும் கூறுகிறான். கற்பித்த பாடம் பிழையின்றி ஒப்புவிக்கப்பட்டுவிட்டது. இதனினும் கொடிய குருதட்சிணையை அண்மைக்காலத் திரைப்படங்களிலே காண்டலரிது.

2. பேரின் நிறம்

‘ஆடுகள’த்திற் பந்தயப் பணம் உண்டு, ஆயின் கதையை நகர்த்துவது பணமன்று, பேர். பேட்டைக்காரன் சேவல் வளர்ப்பிலும் பழக்கத்திலும் நிகரற்றவர் எனப் பேர் பெற்ற முதியவர். கறுப்பு (தனுஷ்), துரை (கிஷோர்) முதலியோர் அவரது அணியினர். எதிரணியில் நிற்பவர் காவல்துறை அதிகாரியான இரத்தினசாமி. அவருடைய வயோதிபத் தாய், தம் குடும்பச் சேவல் பேட்டைக்காரனின் சேவலை வெல்லக் கண்டு கண்மூட விழைகிறாள். அதிகாரமும் பொருளும் உள்ளவருக்குக் கிட்டாததொன்று, பொருளற்ற முதியவரிடம் இருக்கின்றது. அதுவே பேர்.

கதையின் திருப்பம் ஒரு சேவலிலே நிகழ்கின்றது. களத்திற்கு ஆகாது எனப் பேட்டைக்காரன் கழித்துக் கொல்லச் சொன்ன சேவலைக் கறுப்பு கொல்லாமல் வளர்க்கிறான். பின்னர் அவர் சொல்லை மீறி அதனையே போட்டிக் களத்தில் இறக்குகிறான். அது தோற்குமெனப் பேட்டைக்காரன் பலரறியக் கூறிவிடுகிறார். சேவல் வெல்கின்றது, மீண்டும் வெல்கின்றது. கறுப்புக்கு 3 இலட்சம் ரூபா கிடைக்கின்றது. அணி வென்றது, அணித்தலைவர் தோற்றார். அவர் தோற்றது எதிராளியிடமன்று, தம் மதிப்பீட்டிடம். இச்சேவல் ஆகாது என்ற அவரது கண் தவறியது என்பதை ஊர் முழுவதும் கண்டுவிட்டது. கண்ணே தொழிலாகக் கொண்டவருக்கு அதனினும் பெரிய இழப்பில்லை.

இதன்பின் படம் பொறாமையின் வரலாறாகின்றது. மாணாக்கன் வென்ற பொருள் கைநழுவுவதிலும், துரையும் அவனும் பகையாவதிலும், அவன் விரும்பும் ஐரீன் (டாப்சி பன்னு) மனங்கலங்குவதிலும் ஆசானின் மறைகரம் உண்டு. தம் இளம் மனைவியையே ஐயுறும் நிலைக்கு அவர் தாழ்கிறார். உண்மையை அறிந்த கறுப்பு அவர்முன் வந்து நிற்குமிடத்து, அவர் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டு மாய்கிறார். அவர் செய்த சூழ்ச்சிகளை வெளியிட்டாற் கறுப்பு குற்றமற்றவனாவான். ஆயின் அவர் பேர் அழியும். அவன் வாய் திறக்கவில்லை. கொலைப்பழியைத் தன்மேல் ஏற்று, ஐரீனுடன் ஊரைவிட்டு ஓடுகிறான்.

இரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். வின்சென்ட் ஆசானுக்குக் கொடுப்பது பணம் நிறைந்த உறை. கறுப்பு ஆசானுக்குக் கொடுப்பது மௌனம். முன்னவன் தன் தோல்வியை விற்றுப் பங்கு தருகிறான். பின்னவன் தன் வெற்றியையும் பேரையும் ஊரையும் இழந்து ஆசானின் பேரைக் காக்கிறான். முன்னதிலே கற்ற பாடம் ஆசானையே குத்துகின்றது. பின்னதிலே ஆசான் தம்மைத் தாமே குத்திக்கொள்கிறார். பணவுலகின் ஆசானுக்கு அவமானம் பணமாக வருகின்றது. பேருலகின் ஆசானுக்கு அது காட்சியாக, ஊரார் பார்வையாக வருகின்றது.

3. நன்னூலாரின் அளவுகோல்

ஆசிரியரையும் மாணாக்கரையும் வகைப்படுத்தும் பணியை நன்னூலார் தம் பாயிரப் பகுதியிலேயே செய்துள்ளார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன நல்லாசிரியருக்கு உவமைகள். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன ஆசிரியராகத் தகாதார்க்கு உவமைகள். இலக்கணப் பாடமாக மனனஞ் செய்து மறந்துவிடும் இவ்வுவமைகள் திறனாய்வுக் கருவிகளாகவும் பயன்படத் தக்கவை.

எடி ஒரு மடற்பனை. பனையிலே கனி உண்டு. ஏறிப் பறிக்கக் கருக்கு விடாது. அதுவாக வீழ்ந்தாலன்றிக் கனி கிட்டாது. வின்சென்டுக்கு எடியிடமிருந்து கிடைக்க வேண்டிய மிகப் பெரிய பாடம், தோல்வியுற்றவன் மீண்டும் பயின்று எழுவது எவ்வாறு என்பதாகும். அதனை எடி கற்பிக்கவில்லை. மாணாக்கனைப் பிரிந்த பின்னரே தன்னளவில் அவன் அதனை வாழ்ந்து காட்டுகிறான். அக்கனி வீழ்ந்த இடத்திலே வின்சென்ட் இல்லை.

பேட்டைக்காரன் முடத்தெங்கு. வேரும் நீரும் ஒருவர் தோட்டத்தில் இருக்கக் காயை அடுத்தவர் முற்றத்தில் உதிர்க்கும் மரம் அது. அவரோடு நிழலாக இருந்து பணி செய்தவன் கறுப்பு. அவர் மனநிறைவோ தம்முடைய பேருக்கே காய்க்கின்றது. நிறைகோலாக இருக்க வேண்டியவர், தட்டொன்றிலே தம்மையும் ஏற்றிக்கொண்டு மாணாக்கனை நிறுக்கத் தொடங்கிய கணமே கோல் சாய்ந்துவிடுகின்றது.

மாணாக்கர் இருவரையும் இவ்வாறே நோக்கலாம். சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளியைக் கடைமாணாக்கர் வரிசையிலே நன்னூலார் வைக்கவில்லை. இடைமாணாக்கர் வரிசையிலே வைத்தார். வின்சென்ட் கிளி. தோற்கக் கற்பித்தான் ஆசான். தோற்றுக் காட்டினான் மாணாக்கன். கறுப்பு அன்னமாக இருந்தான். கழிக்கப்பட்ட சேவலிலே போராற்றலைக் கண்டது நீரையும் பாலையும் வேறுபிரிக்கும் செயலே. ஆசானிடம் கற்ற கண்ணைக் கொண்டே ஆசானின் கண் காணாததை அவன் கண்டான். கல்வியின் உச்சம் அதுவேயாதலின், அவ்விடத்திலே பேட்டைக்காரன் மகிழ்ந்திருந்தால் அவரே இருவருள்ளும் பெரியவராகியிருப்பார்.

நம் ஊர்களிலே சிலம்பம் பழகுவோரிடையே வழங்கும் கதையொன்று உண்டு. வாத்தியார் எல்லா வரிசைகளையும் சொல்லிக் கொடுப்பார். ஓரடியை மட்டும் மறைத்து வைத்துக்கொள்வார். மாணாக்கன் தம்மீதே கோலை ஓங்கும் நாளில் அது உதவும் என்பதே கதை. இதனை வாத்தியாரின் தந்திரமெனப் போற்றுவோர் பலர். உண்மையிலே அது ஒரு கலை தலைமுறைதோறும் ஓரடி குறைந்து தேய்வதற்கான வழியாகும். ஒவ்வோர் ஆசானும் ஓரடியை மறைப்பாராயின், சில தலைமுறைகளின் பின் வெறுங்கோலே எஞ்சும்.

4. மலையக நோக்கில்

மேசைப் பந்தாட்டம் இந்நாட்டிற்கு அந்நியமானதன்று. ஆங்கிலேயத் துரைமாரின் கழகங்களோடு பில்லியட் மேசையும் மலைநாட்டிற்கு ஏறி வந்தது. இலங்கையின் எம். ஜே. எம். லாபிர் 1973இல் பம்பாயிலே நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியட் போட்டியில் வாகை சூடினார். அவ்வகையிலே இவ்வாட்டம் நம் நாட்டின் விளையாட்டு வரலாற்றிற் பெருமைக்குரிய இடமொன்றைப் பெற்றது. ஆயினும் குடியேற்றக்காலக் கழகங்களின் ஆட்டக்கூடத்திலே ஆசான் யார் என்பது வேறு கதை. அங்கே புள்ளி குறிக்கவும் கோலைத் துடைத்து வைக்கவும், ஆடத் துணையற்ற உறுப்பினருக்கு ஈடுகொடுத்து ஆடவும் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்டவரை மார்க்கர் என்றழைத்தனர். ஆட்டத்தின் நுட்பம் அவர் கையில் இருந்தது. துரைமார் பலர் அவரிடமே கற்றனர். ஆயினும் அவர் ஊழியர், மேசை அவருடையதன்று. மாணாக்கன் எசமானாகவும் ஆசான் வேலையாளாகவும் இருந்த அவ்வுறவிலே, ஆசான் தோற்றுக்கொடுப்பது சில வேளைகளில் வேலையைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் இருந்திருக்கும். எடி கற்பித்த ‘வேண்டுமென்றே தோற்றல்’ என்னும் வித்தை, அடிமைப்பட்ட நாடுகளிலே பணத்தாசையினால் மட்டும் பிறந்ததன்று, அச்சத்தினாலும் பிறந்தது.

மாத்தளைக்கு இதனினும் அணுக்கமான உறவொன்று உண்டு. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னாரில் இறங்கி, காட்டினூடாகத் தம்புள்ளை வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். அந்நடையை முன்னின்று நடத்தியவர் கங்காணி. அவரே முன்பணம் கொடுத்தார். அவரே கணக்கு வைத்தார். தொழிலாளி வேறு தோட்டம் செல்வதாயின் கடன்தொகை குறித்த துண்டு வேண்டும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தம் கணக்கிலுள்ள ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கிய நாளுக்குத் தலைக்கு இவ்வளவு எனக் கங்காணிக்கும் காசு சேர்ந்தது. முதல் போட்டுப் பங்கு கொள்ளும் பேர்ட் கோர்டனின் கணக்கையும், ‘என் அணி, என் ஆட்கள்’ என்னும் பேட்டைக்காரனின் உரிமையுணர்வையும் ஒருசேரக் கொண்ட உறவு இது. கங்காணி தன் ஆட்களுக்கு உறவினராகவும் காப்பாளராகவும் இருந்தார். அதே கையாற் கடனாலும் கட்டினார். அன்பும் கணக்கும் பிரிக்கவியலாதபடி முறுக்கிய கயிறு அது. இவ்வுறவின் நினைவு மலையகத் தமிழரிடையே இன்னும் அற்றுப்போகவில்லையாதலின், ஆசானின் பாசத்திற்குள்ளே உடைமையுணர்வு ஒளிந்திருக்கும் பேட்டைக்காரனை அவர்கள் எளிதில் இனங்காண்பர். அவரை வெறுக்கவும் அவர்களால் முழுமையாக முடியாது.

இதற்கு மாறான கற்பித்தலும் நம் தோட்டங்களில் இருந்தது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளைப் பழக்கியோர் வாத்தியார் எனப்பட்டனர். மாசி மாதத்திலே காமன் கூத்தில் மன்மதனாக ஆடும் இளைஞன் சிறப்புற ஆடினால் ஊரே வென்றதாகும்; வாத்தியாரின் பேர் அதனாற் குன்றுவதில்லை. அங்கும் போட்டியும் பொறாமையும் இல்லையெனக் கூறுவதற்கில்லை. எனினும் கூத்துக் களரியிலே ஒருவர் வெல்ல மற்றொருவர் தோற்க வேண்டுமென்னும் நியதி இல்லை. ஆசானும் மாணாக்கனும் எதிரெதிர் நிற்க வேண்டிய தேவையை உண்டாக்குவது கலையா, பந்தயமா என்னும் வினாவை இது எழுப்புகின்றது. இரு திரைப்படங்களிலும் ஆட்டத்தின் இன்பம் அழிவது, அது பந்தயத்திற்குள் முற்றாக அகப்பட்டுக்கொண்ட பின்னரே என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும்.

5. உடலும் குரலும்

‘ஆடுகள’த்தை ஈழத்து வாசகர் வெறுமனே தமிழ்நாட்டுப் படமெனக் கொள்வதற்கில்லை. பேட்டைக்காரனாக நடித்தவர் நம் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன். அவ்வாண்டுக்கான இந்திய தேசிய விருதுகளிலே இப்படம் ஆறு விருதுகளைப் பெற்றது. சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் ஆகிய விருதுகளோடு ஜெயபாலனின் நடிப்பும் சிறப்பாகக் குறிப்பிடப் பெற்றது. இயக்குநர் வெற்றிமாறனோ, மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராக இருந்து தொழில் கற்றவர். ஆசானை மிஞ்சும் மாணாக்கனைப் பற்றிய இப்படத்தின் பின்னணியிலேயே ஓர் ஆசான்–மாணாக்கன் உறவு இருக்கின்றது. அது பேட்டைக்காரன் வழியிற் செல்லவில்லை என்பது நிறைவளிக்கும் செய்தி. பாலு மகேந்திரா 2014இல் மறையும் வரையிலும் அதன் பின்னரும் வெற்றிமாறன் அவரைத் தம் ஆசானாகவே குறித்து வந்துள்ளார்.

ஆயினும் ஒரு குறையைக் கூறாதிருத்தல் முறையன்று. திரையிலே நாம் காண்பது ஜெயபாலனின் உடல். கேட்பது ராதாரவியின் குரல். பேட்டைக்காரன் மதுரை மண்ணின் மனிதர். மதுரைப் பேச்சு அப்பாத்திரத்திற்கு இன்றியமையாதது. ஈழத்துப் பேச்சு அங்குப் பொருந்தாது என்னும் வாதம் வலுவுடையதே. ராதாரவியின் குரலும் அவ்வுடலோடு ஒட்டியே நிற்கின்றது. இருப்பினும் சொல்லையே வாழ்வாகக் கொண்ட கவிஞரொருவருக்குத் தமிழ்த்திரை அளித்த இடம், குரலற்ற இடமாயிற்று என்பது எண்ணத் தக்கது. அவரது நடிப்பின் பெரும்பகுதி கண்ணிலும் தாடியிலும் நடையிலும் நிகழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தன் சேவலன்றி மாணாக்கனின் சேவல் வெல்வதை அவர் நோக்கி நிற்கும் காட்சியிலே உரையாடல் தேவைப்படவில்லை. அவ்விடத்திலே அவர் எவருடைய குரலையும் கடன்வாங்காத நடிகராகின்றார்.

இந்நாட்டிலே நம் குரலிலேயே பேசும் திரைப்படங்களை ஆக்க முயன்றோர் இருந்தனர். மாத்தளை கார்த்திகேசு தயாரித்து 1980இல் வெளிவந்த ‘அவள் ஒரு ஜீவநதி’ அத்தகைய முயற்சிகளுள் ஒன்று. இறக்குமதிப் படங்களின் பெருக்கும் 1983 ஜூலை வன்செயல்களும் அம்முயற்சிகள் தொடர்ந்து வளர இடமளிக்கவில்லை. திரைத்தொழிலிலே ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் வாய்ப்பு அறுந்தது. ஆசானை வெல்லும் மாணாக்கன் தோன்றுவதற்கு முதலில் ஆசான் நிலைத்திருக்க வேண்டுமன்றோ?

6. குறைகளும் மதிப்பீடும்

இரு படங்களும் குறையற்றவையல்ல. ‘ஆடுகள’த்தின் முற்பகுதியிலே சேவற்சண்டையின் நுணுக்கங்களும் அணிப்பகையும் மனிதர் மனநிலையும் ஒன்றோடொன்று பின்னிச் செல்கின்றன. பிற்பகுதியிலோ ஆசானின் பொறாமை, மனநிலையாக இருந்ததிலிருந்து சூழ்ச்சித் தொடராக மாறுகின்றது. ஒரு முதியவர் அத்தனை முடிச்சுகளையும் தனித்துப் போட்டார் என்பதை நம்புதல் கடினம். அவரைத் தீயவராக்கியதன் மூலம் படம் தன் வினாவின் கூர்மையைச் சற்று மழுங்கச் செய்துவிட்டது. சூழ்ச்சி எதுவும் செய்யாத, வெறுமனே மகிழ இயலாத ஆசானே இன்னும் அச்சந் தருபவர். அத்தகையோரே உலகிற் பலர். ஐரீன் கதைக்குத் தேவைப்படும்போது வந்து, தேவையற்றபோது மறைகிறாள். கார்மனுக்குக் கிடைத்த அறிவும் பேரம் பேசும் திறனும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கார்மன் இருவரின் கணக்கையும் அறிந்தவள். வின்சென்டைவிட விரைவாக எடியின் பாடத்தைக் கற்றவளும் அவளே. எனினும் அவள் கற்றாள் என்பதை எடி பொருட்படுத்தவில்லை. படமும் இறுதியில் அவளை ஓரமாக நிறுத்திவிடுகின்றது.

‘த கலர் ஒவ் மனி’யின் குறை வேறு வகையது. கூடங்களும் மேசைகளும் பந்துகளின் ஓட்டமும் கண்ணைப் பறிக்கும்படி படமாக்கப்பட்டுள்ளன. சிற்சில இடங்களிலே அப்பளபளப்பு மனிதரை மறைக்கின்றது. எடியின் மனமாற்றம் சற்று விரைவாக நிகழ்ந்துவிடுகின்றது. இப்படத்திற்காகப் போல் நியூமன் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதை 1987இற் பெற்றார். முகத்தை அசைக்காமலே அவமானத்தைக் காட்டும் அவரது ஆற்றல் திரைக்கதையின் இடைவெளிகளை நிரப்புகின்றது. ஆயினும் முடிவிலே இப்படம் காட்டும் துணிவு போற்றத் தக்கது. உறையை ஏற்க மறுத்து, அடுத்த கட்டப் போட்டியையும் விட்டுக்கொடுத்து, எடி வின்சென்டை மீண்டும் ஆட அழைக்கிறான். உன் உண்மை ஆட்டத்தை எனக்குக் காட்டு என்கிறான். முதலடி விழுகின்றது; படம் முடிகின்றது. யார் வென்றார் என்பது நமக்குக் கூறப்படவில்லை. கூறப்படவேண்டியதும் இல்லை. மாணாக்கனிடம் அவனது முழுத்திறனையும் தனக்கெதிராகக் கேட்கத் துணிந்த அக்கணத்திலேதான் எடி முதன்முறையாக ஆசிரியனாகிறான். தோற்கக் கற்பித்தவன் வெல்லச் சொல்கிறான்; அதுவும் தன்னையே வெல்லச் சொல்கிறான்.

கறுப்பின் மௌனத்தை எவ்வாறு மதிப்பிடுவது? உணர்ச்சி நிலையிலே அதன் பெருமையை மறுப்பார் இலர். அரங்கிலே கண்ணீர் வரவழைக்கும் முடிவு அது. ஆயின் அறநிலையில் அதனை அவ்வளவு எளிதிலே ஏற்றுக்கொள்ள முடியாது. அவன் காத்த பேர் பொய்யான பேர். அவன் மௌனத்தினால் துரை பொய்யிலே விடப்படுகிறான். இல்லாத பகையைச் சுமந்து வாழ்கிறான். ஊரும் தன் ஆசானைப் பற்றிய பொய்யையே வழிபடுகின்றது. நாளை இன்னொரு பேட்டைக்காரன் தோன்றும்போது அவரை அடையாளங்காண அவ்வூருக்கு எந்த அறிவும் எஞ்சவில்லை. குருபக்தி என்னும் பேரால் உண்மையை மறைப்பது, குருவுக்குச் செய்யும் இறுதி மரியாதையாக இருக்கலாம். கலைக்குச் செய்யும் தீங்காகவும் அதுவே அமையலாம். ஆசிரியரிடம் குளிர்காய்வோன் போல, மிக அணுகாமலும் மிக விலகாமலும் மாணாக்கன் ஒழுக வேண்டுமென்பது நம் முன்னோர் வகுத்த நெறி. கறுப்பு தீயை மிக அணுகியவன். வெந்த பின்னரும் தீயைக் குறைகூற மறுப்பவன்.

பல்கலைக்கழகச் சூழலிலே இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தோட்டத்து லயத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்கு வரும் மாணவருக்கு ஆசிரியர் வழிகாட்டியாகவும் சிபாரிசு செய்வோராகவும் சில வேளை உறவினர் போலவும் அமைகின்றார். அவ்வுறவின் வெம்மை மதிப்புக்குரியது. ஆனால் ஆசிரியரின் கருத்தை மறுத்தெழுதும் மாணவர், ஆசிரியர் கழித்த சேவலை வளர்த்தவராகிவிடுகின்றார். அவ்வேளையில் ஆசிரியர் எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்பதிலேதான் ஒரு கல்விமரபு வளர்வதும் தேய்வதும் தங்கியுள்ளது. ஈழத்துத் தமிழாராய்ச்சியிலே பெயர் பெற்ற ஆய்வுகள் பலவும் முன்னோரை மறுத்தே எழுந்தன. மறுக்கப்பட்டோர் அதனால் சிறுமையுறவில்லை. மறுக்கத் தக்க அளவு தெளிவாக எழுதியமையே அவர்தம் பெருமை.

புறப்பொருள் வெண்பாமாலையின் வரிசையிலே புதுத்துறையொன்றைச் சேர்க்கும் உரிமை நமக்கு இருக்குமாயின், அதற்கு ‘ஆசான் வென்றி’ எனப் பேரிடலாம். களத்திலே மாணாக்கன் வெல்வதும், அதனை ஆசான் முகமலர்ந்து ஏற்பதும் அத்துறையின் இலக்கணமாகும். பேட்டைக்காரனுக்கு அது கிட்டவில்லை. எடி அதன் வாயிலில் நிற்கிறான். கோல் அவன் கையிலே இருக்கின்றது. எதிரே நிற்பவன் உண்மையாக ஆடப்போகிறான் என்னும் அறிவே அவனுக்குப் போதுமானதாகின்றது.